ஆண்டாள் மாலை போகும் வழி

ஒருவர் கழுத்தில் கிடந்த மாலையை இன்னொருவர் கழுத்தில் போடுவது எங்கள் பக்கத்தில் கல்யாண மேடையில் மட்டும்தான் நடக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் மூன்று முறை மாற்றிக்கொள்வார்கள், சுற்றி நிற்கும் மாமன் மச்சான்கள் கேலி பேசுவார்கள், அதோடு சரி. மற்றபடி ஒருத்தி வைத்த பூவை இன்னொருத்தி எடுத்து வைத்துக்கொள்வதில்லை. சாமிக்குப் போகும் பூ என்றால் கெடுபிடி இன்னும் கூடுதல். முகர்ந்து பார்த்துவிட்டால்கூட அது சாமிக்கு ஆகாது. கோயிலுக்குக் கொண்டுபோகும் கூடையருகே பிள்ளை மூக்கைக் கொண்டுபோனால் பாட்டி கையைத் தட்டிவிடுவாள்.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, ஏற்கெனவே சூடிக் களைந்த மாலை ஒன்று ஆண்டுதோறும் பயணம் கிளம்புகிறது. சித்திரையில் மதுரைக்கு, கள்ளழகருக்கு. புரட்டாசியில் திருமலைக்கு, மலையப்ப சுவாமிக்கு. அந்த இரண்டு இடங்களிலும் பூவுக்குப் பஞ்சம் கிடையாது. மல்லிகைக்குப் பேர்போனது மதுரை. திருமலையில் பிரம்மோற்சவ நாட்களில் பூ டன் கணக்கில் இறங்கும். ஆனாலும் அங்கே கிடைக்காத ஒன்றுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் மாலைக்குக் காத்திருக்கிறார்கள். ஆண்டாள் சூடியது என்பதுதான் அதன் மதிப்பு.

தமிழர்கள் நெருங்கிப் பழகுகிறவர்களா, எட்ட நிற்கிறவர்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆளை ஆள் தொடுவது நம்மிடம் குறைவு; பொருளை நடுவில் வைத்துத் தொடுகிறோம். எந்தப் பொருள், யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த வரிசையில் போகிறது என்பதில்தான் நம் பாசம், மரியாதை, ஆசை, அவமதிப்பு எல்லாமே இருக்கின்றன. ஆண்டாள் மாலை போகும் வழியைத் தொடர்ந்து போனால் இந்த வழக்கத்தின் நல்லதும் கெட்டதும் ஒருசேரத் தெரியும்.

நந்தவனம்

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரியாழ்வார் என்னும் விஷ்ணுசித்தர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, வடபத்ரசாயிக்குத் தினமும் மாலை கட்டிக் கொடுத்து வந்தார். ஆடி மாதம் பூர நட்சத்திரத்தில் துளசிச் செடியடியில் கிடைத்த பெண் குழந்தையைக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். அவள்தான் ஆண்டாள். அவள் வளர்ந்ததும், அப்பா கட்டி வைத்த மாலையை அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு கிணற்றில் முகம் பார்த்தாள். அந்தக் கிணறு என்று கோயிலில் இன்றும் ஒன்றைக் காட்டுகிறார்கள். கண்ணாடிக் கிணறு என்று பெயர். ஒருநாள் மாலையில் ஒற்றை முடி சிக்கியிருந்தது. ஆழ்வார் பதறிப்போனார். மாலையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டினார். பெருமாள் அதை ஏற்கவில்லை. அவள் சூடியதையே கேட்டார்.

பதறியதில் ஆழ்வார் மேல் குற்றம் சொல்ல முடியாது. உடம்பில் பட்டது எச்சில். முடி விழுந்தது தோஷம். சமையலறை முதல் சந்நிதி வரை அன்றைக்கும் இன்றைக்கும் இதுதான் விதி. கதையின் சூட்சுமம், அந்த விதியை மீறியது பெருமாளே என்பதில் இருக்கிறது. சைவத்திலும் இதற்கு ஜோடியாக ஒரு கதை உண்டு. காளத்தியில் கண்ணப்பர் தான் கடித்து ருசி பார்த்த இறைச்சியைப் படைத்தார், வாயில் கொண்டுவந்த நீரால் அபிஷேகம் செய்தார், அடையாளத்துக்காகச் செருப்புக் காலையும் லிங்கத்தின் மேல் ஊன்றினார். ஆகமம் தெரிந்த அர்ச்சகருக்குக் கோபம் வந்தது, சிவனுக்கு வரவில்லை. ஒருபுறம் வேடன், இன்னொருபுறம் பருவப் பெண். தூரத்தில் நிற்க வேண்டியவர்கள் என்று விதி சொன்ன இரண்டு பேரின் எச்சிலைத்தான் இரண்டு சமயமும் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதை வெகுதூரம் போனது. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இதை வைத்துத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்ற காவியத்தையே எழுதினார். பேரரசர் ஒருவர் தன் காவியத்துக்கு அந்த மாலையைக் கொண்டே பெயர் வைத்தார்.

தொடுக்கும் விரல்கள்

மாலை கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தொடுவதற்குத்தான் எத்தனை சட்டம் என்று புரியும். செவ்வந்தி, சம்பங்கி, விருட்சி, மரிக்கொழுந்து, துளசி எல்லாம் ரகம் ரகமாகப் பிரிந்து ஈரத் துணியில் கிடக்கும். வாழைநார் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். கட்டுகிறவர் இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் இழுத்து முடிச்சை இறுக்குவார். இதழில் விரல் அழுந்தக் கூடாது, காம்பில்தான் பிடி. கீழே விழுந்த பூவை எடுத்துச் சேர்க்கக் கூடாது. மூச்சுப் படும்படி குனியக் கூடாது. கால் மேல் மாலை புரளக் கூடாது. பேசிக்கொண்டே கட்டலாம்தான், ஆனால் எச்சில் தெறிக்கும் என்று பலர் பேசுவதில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய மாலை நேராகப் போவது ஒரு பெண்ணின் கழுத்துக்கு. அவள் சூடிக் களைந்த பிறகே அது முழுமையாகிறது.

மாலைக்குத் துணையாக ஒரு கிளியும் போகும். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் அந்தக் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூவில் மூக்கு, மூங்கில் குச்சியில் கால், இலையும் வாழைநாரும் கொண்டு உடம்பு, செவ்வரளி, நந்தியாவட்டை இதழ்களில் அலங்காரம். செய்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆண்டாள் கையில் ஏறும் கிளி, மறுநாள் யாரோ ஒரு பக்தரின் கைக்கு வந்துவிடும். வீட்டுப் பூஜை அலமாரியில் அது காய்ந்து பழுப்பேறிய பின்னும் எடுத்துப்போட மாட்டார்கள். அவள் கையில் இருந்தது அல்லவா!

மார்கழியில் எண்ணெய்க் காப்பு. நீராட்டு விழா நாட்களில் மண்டபத்தில் ஆண்டாளுக்குத் தலை கோதி, சிக்கெடுத்து, மூலிகைத் தைலம் சாத்துவார்கள். பிறகு அந்தத் தைலத்தை வாங்கிப் போக வரிசை நிற்கும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் தடவிக்கொள்பவர்கள் உண்டு. மாலை, கிளி, எண்ணெய் என்று எதை எடுத்தாலும் ஒரே கணக்குதான். அவளை யாரும் தொட முடியாது. அவளைத் தொட்ட பொருளை எல்லோரும் தொடலாம்.

கைமாறும் வரிசை

இது கோயிலுக்குள் மட்டும் உள்ள கணக்கு இல்லை. ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறிப் பாருங்கள். பின்வாசலில் தொற்றிக்கொண்டவர் கண்டக்டர் இருக்கும் இடத்துக்குப் போக வழி கிடையாது. நோட்டை முன்னால் நிற்பவரிடம் நீட்டி “ராஜபாளையம் ஒண்ணு” என்பார். அது தெரியாத கைகள் வழியே முன்னால் போகும். டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியே திரும்பி வரும். நடுவில் ஒரு ரூபாய் குறையாது. தெரியாத பெண் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் உட்காராமல் நிற்கும் ஆள், அந்த அம்மா நீட்டும் நோட்டை வாங்கி முன்னுக்குக் கொடுக்கத் தயங்க மாட்டார். நிற்கிற தாய், இடுப்புப் பிள்ளையை யார் என்றே தெரியாத ஒரு பாட்டி மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்றான பிறகு, காசு போகும் வரிசையில் பெண்கள் கை குறைந்துவிட்டது. பிள்ளைகள் மடி மாறுவது குறையவில்லை.

வீட்டுக்குள் வந்தால் இந்த இலக்கணம் இன்னும் நுணுக்கமாகும். உப்பைக் கையில் கொடுக்கக் கூடாது. கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகையை இடது கையால் நீட்டினால் அது அழைப்பே இல்லை. குங்குமத்தைப் பெண்ணுக்குப் பெண் நெற்றியில் இட்டுவிடலாம். ஆணிடம் சிமிழைத்தான் நீட்ட வேண்டும். கொழுந்தனும் மதினியும் கையைக் குலுக்கிக்கொள்வதில்லை, ஆனால் மஞ்சள் தண்ணீர் ஊற்ற முறையிருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளைக்குத் தாரை வார்க்கும்போது கைக்கும் கைக்கும் நடுவே தண்ணீர் ஓடும். மதுரை மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்துச் சிற்பத்தில் பெருமாளே அப்படித்தான் தங்கை கையைச் சுந்தரேசுவரர் கையில் வைத்து நீர் வார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெருமாள் கோயிலில் சடாரி வைப்பது இந்த இலக்கணத்தின் உச்சம். கிரீடம் போலிருக்கும் அதன் மேல் பொறித்திருப்பது பெருமாளின் பாதங்கள். அர்ச்சகர் கை நம் தலையில் படாது, நம் கை பெருமாள் காலில் படாது, ஆனால் பாதம் தலையில் பட்டாயிற்று. குனிந்து நிற்கும் கூட்டத்தில் கலெக்டர் தலைக்கும் கூலிக்காரர் தலைக்கும் ஒரே சடாரிதான். வரிசையில் யார் முன்னால் என்பதில்தான் சண்டை. முதல் மரியாதை யாருக்கு என்று நீதிமன்றம் வரைக்கும் போன ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய.

தல்லாகுளம்

சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குச் சற்று முன்னதாக, ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, கிளி, பட்டு வஸ்திரம் மூன்றும் கூடையில் வைத்து மாட வீதிகளில் ஊர்வலமாக வரும். மேளம் முன்னால் போகும். வீதியில் நிற்பவர்கள் கூடையைக் கும்பிடுவார்கள்; எட்டித் தொடப் போக மாட்டார்கள். ஊர்வலம் முடிந்ததும் கூடை வண்டியேறும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர். இன்றைக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் தூரம்.

அந்தப் பக்கத்திலிருந்து அழகர் கள்ளர் வேடத்தில் அழகர்கோயிலை விட்டுக் கிளம்பி, வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருவார். மதுரை எல்லையில் மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. இரவு தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் திருமஞ்சனம் ஆகி, ஆண்டாள் மாலையை ஏற்றுக்கொண்ட பிறகே தங்கக் குதிரையில் ஏறுவார். சித்ரா பௌர்ணமி விடியலில் வைகையில் இறங்கும்போது அவர் உடுத்தியிருக்கும் பட்டின் நிறத்தை வைத்து அந்த வருஷத்து மழையையும் விளைச்சலையும் ஊர் கணிக்கும். பச்சை என்றால் சந்தோஷம். கழுத்தில் கிடக்கும் மாலை எங்கிருந்து வந்தது என்று கூட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அழகரைத் தொட முடியாத மக்கள் அவரைத் தண்ணீரால் தொடுகிறார்கள். ஆட்டுத்தோல் பையில் வாசனைத் தண்ணீர் நிரப்பி, வாயில் குழாயைப் பொருத்தி, சாமி மேல் பீய்ச்சி அடிப்பது நேர்த்திக்கடன். தோலைப் பதம் செய்து, பையைத் தைத்து, விரதமிருந்து, சல்லடமும் உருமாலும் கட்டி வருபவர்கள் இவர்கள். விசைப் பம்பு பொருத்தித் தண்ணீரடிக்கும் ஆசாமிகளும் நடுவில் கிளம்பினார்கள். சாமி விக்கிரகத்துக்கும் தங்கக் குதிரைக்கும் ஆபத்து என்று அதற்குத் தடை வந்தது. நியாயந்தான். கையால் அமுக்கும் தோல்பையில் ஒரு அளவு இருக்கிறது. பம்புக்கு அது கிடையாது.

நெருக்கத்துக்கும் ஒரு அளவு உண்டு. கொரோனாவால் 2020-ல் அழகர் மதுரைக்கு வரவில்லை. 2021-லும் விழா அழகர்கோயிலுக்குள்ளேயே முடிந்தது. இரண்டு வருஷம் ஒருவரையொருவர் எட்ட நின்று பார்த்தே வாழ்ந்த ஊர், 2022 ஏப்ரல் 16 அன்று மொத்தமாக ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. அன்றைய நெரிசலில் 2 பேர் உயிரிழந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் முதுகோடு முதுகு உரசி நிற்பதை நாம் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அது சாமி பார்க்கும் கூட்டத்துக்கே உரிய சலுகை. ஆனால் அந்தச் சலுகையை நம்பியே வழியையும் தடுப்பையும் திட்டமிடாமல் விடுவது தவறு. தெரியாத உடம்புகள் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதிகாரிகளின் வேலை.

வரிசைக்கு வெளியே

பொருள் வழியாகத் தொடுவது அழகான ஏற்பாடுதான். அந்த வரிசையில் உங்களுக்கு இடமிருந்தால்! வரிசையை அமைக்கத் தெரிந்த சமூகம், யாரை அதில் நிறுத்தக் கூடாது என்பதையும் அதே கவனத்தோடு அமைத்தது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவன் குவளையை வைத்தே ஆளைத் தள்ளினான். கையில் கொடுக்காமல் மேலிருந்து போட்ட விபூதியும், கைபடாமல் கல்லாமேடையில் வைக்கச் சொன்ன காசும் இந்தப் பக்கத்தில் வயதானவர்களுக்கு மறந்திருக்காது.

1897-ல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். அங்கே நுழைய அவர்களுக்கு உரிமையில்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கு 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899-ல் சிவகாசிக் கலவரம். அதற்கும் ஊர்க் கோயிலில் நுழையும் உரிமைதான் தீப்பொறி. சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு பஸ் பயணத்தில் பாதிக் கதை பேசி முடிப்பதற்குள் கடந்துவிடும்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த ஒரு குழுவை அழைத்துப் போனார். அதில் கக்கன் இருந்தார், பிற்காலத்தில் அமைச்சரானவர். விருதுநகரிலிருந்து வந்த சண்முக நாடாரும் இருந்தார். அன்றைய சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜியின் அரசு அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. 1947-ல் ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தொடக் கூடாது என்று சொல்வதே குற்றம் என்று ஒரு நாடு எழுதி வைக்க வேண்டிவந்தது என்றால், தொடாமை இங்கே எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்று யோசித்துக்கொள்ளலாம்.

வாசலைத் தாண்டிய பிறகும் படிகள் மிச்சமிருந்தன. எந்தச் சாதியினரும் பயிற்சி பெற்றால் அர்ச்சகராகலாம் என்ற முயற்சி 1970-ல் கருணாநிதி ஆட்சியில் தொடங்கியது. 2021 ஆகஸ்டில்தான், அரசின் அர்ச்சகர் பள்ளிகளில் பயின்ற 24 பேருக்கு ஒரே நேரத்தில் கோயில் வேலை கிடைத்தது. ஒரு மாலை பூக்கூடையிலிருந்து சாமி கழுத்துக்குப் போவதற்குள் எந்தெந்தக் கைகள் அதைத் தொடலாம் என்ற கேள்விக்கு 50 ஆண்டுகளுக்கு மேல் பதில் தேடியிருக்கிறோம்.

2024 டிசம்பர் 15 அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. இசையமைப்பாளர் இளையராஜா ஆண்டாள் கோயிலுக்கு வந்திருந்தார். ஜீயர்களோடு அர்த்தமண்டபம் வரை போனவரை வாசற்படிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் அங்கேயே நின்று மரியாதைகளைப் பெற்றுக்கொண்டார். அந்தக் காட்சி வெளியே வந்ததும் தமிழ்நாடே பேசியது. ஜீயர்கள், அர்ச்சகர்கள், பரிசாரகர்கள் தவிர வேறு யாருமே அர்த்தமண்டபத்துக்குள் போவதில்லை, அது இந்தக் கோயிலின் வழக்கம் என்று அறநிலையத் துறை விளக்கம் கொடுத்தது. நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள், தன்மானத்தை விட்டுக்கொடுப்பவன் நான் இல்லை என்ற பொருளில் இளையராஜாவும் பதில் சொன்னார். விளக்கம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஒருவரை ஒரு படி பின்னால் நிற்கச் சொன்னதும் இத்தனை பேருக்கு ஏன் சுருக்கென்று தைத்தது? இந்த மண்ணில் ஒரு படி என்பது வெறும் ஒரு படியாக இருந்ததே இல்லை.

மலை

புரட்டாசிப் பயணம் நீளமானது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருப்பதி 500 கிலோமீட்டருக்கு மேல். பிரம்மோற்சவத்தின் 5ஆம் நாள் கருட சேவைக்காக மாலை கிளம்பும். மலையில் அது முதலில் போய்ச் சேருவது பெரிய ஜீயர் மடத்துக்கு. அங்கே பூஜை முடிந்து, மாட வீதிகளில் ஊர்வலமாகக் கோயிலுக்குள் போகும். அன்றைக்கு மலையப்ப சுவாமி கழுத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாலை. அதே சேவைக்குச் சென்னையிலிருந்து போன குடைகள் தலைக்கு மேல். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு சீதனம்.

மாலைக்கு மலையில் நேரும் முடிவு சமவெளிக் கோயில்களில் போல இல்லை. மற்ற கோயில்களில் சாமி சூடிய பூவைப் பிரசாதமாகத் தருவார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் வைப்போம். திருமலையில் அப்படிக் கொடுப்பதில்லை. அங்கே பூக்கள் எல்லாம் பெருமாளுக்கே என்பது மரபு. மலைக்குப் போகிற பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. சாத்திக் களைந்த மாலைகளைக் கோயிலுக்குள் இருக்கும் பூங்கிணற்றில் சேர்ப்பது பழைய வழக்கம். களையும் பூ மலைபோலக் குவிந்ததால் 2021 செப்டம்பரில் தேவஸ்தானம் புதுவழி ஒன்று கண்டது. தன் கோயில்களில் களையும் பூக்களிலிருந்து ஊதுவத்தி தயாரித்து, ஏழு மலைகளைக் கணக்கில் கொண்டு ஏழு வாசனைகளில் விற்கத் தொடங்கியது. கையில் தராத பூ இப்போது புகையாக வீட்டுக்கு வருகிறது. தொடாமல் தொடும் நம் வழக்கத்துக்கு இதைவிட மெல்லிய வடிவம் இருக்க முடியாது.

பதில் சீர்

கொடுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஒன்றும் திரும்பாவிட்டால் அது உறவாகாது. பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் ரங்கமன்னார் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வரும். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வஸ்திரம் வரும். சம்பந்தி வீட்டுக்குத் தட்டுச் சுமந்து போவதும் அவர்கள் தட்டுச் சுமந்து வருவதும் எப்படியோ, அப்படியே கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் நடக்கிறது. யாரும் யாரையும் நேரில் பார்ப்பதில்லை. பட்டும் பூவும் பேசிக்கொள்கின்றன.

இத்தனை மறைவாக நடக்கும் தொடுகைக்கு ஈடு கட்டுவதுபோல, ஆடிப்பூர விழாவின் 7ஆம் நாள் இரவில் ஒன்று நடக்கும். கிருஷ்ணன் கோயிலில் ஆண்டாள் உட்கார்ந்திருக்க, அவள் மடியில் தலை வைத்து ரங்கமன்னார் படுத்திருப்பார். சயனத் திருக்கோலம். அதைப் பார்க்க ஜோடி ஜோடியாக வருவார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள், குழந்தைக்காக வேண்டிக்கொள்பவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் என்று எல்லா வயதிலும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடந்து வரும்போது கணவர் நாலடி முன்னால் போவார், மனைவி பின்னால் வருவாள். கையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் ஊர்களில் கிடையாது. உள்ளே வந்ததும் இரண்டு பேரும் ஒட்டி நின்று, ஒரு பெண்ணின் மடியில் ஆண் தலை வைத்துப் படுத்திருப்பதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் சேவிக்க வேண்டும் என்று அர்ச்சகர் விரட்டும்வரை நகர மாட்டார்கள்.

மாலைக்குக் கோயிலுக்கு வெளியே இன்னொரு வாழ்க்கை 1967-ல் வந்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை, அக்னி தேவையில்லை. சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குச் சொத்துரிமை இல்லை என்று அதுவரை வழக்காடியவர்களின் வாயை அது அடைத்தது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவின்படி நடந்த திருமணம் செல்லும் என்றது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டு நிற்கும் பிள்ளைகள் கழுத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடி மாலை கிடக்கும். கடைவீதியில் அவசரமாக வாங்கிய சம்பங்கி மாலைதான். அதைப் போட்டுவிட்ட கையை வெட்டுவேன் என்று வெளியே ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். இன்னார் இன்னாரைத் தொடக் கூடாது என்பது கோயில் வாசலில் தோற்ற பிறகு கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மாலையைப் பழைய சம்பிரதாயம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பக்திக்காகக் கும்பிடுபவர்கள் கும்பிடட்டும். அந்த மாலைக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. யார் தொட்டது என்று பதறிப்போய்க் கேட்டவர் பெரியாழ்வார். அவள் தொட்டதுதான் வேண்டும் என்று பெருமாள் சொன்னதாக ஊர் நம்புகிறது. அந்தப் பதிலைச் சித்திரையிலும் புரட்டாசியிலும் மேளம் வைத்து, ஊர்வலம் விட்டு, வண்டியேற்றி அனுப்புகிற ஊர்கள் நாம். மிச்சமிருக்கும் வாசல்களிலும் மண்டபங்களிலும் அதே பதிலைச் சொல்ல நமக்குப் புது மரபு எதுவும் வேண்டியதில்லை. கையிலிருக்கும் மரபே போதும்.